மன்னி என்று ஒரு மீன்

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் வாரமே எனக்கு யார் மேல் பொறாமை என்று தெரிந்துவிட்டது. என் நாத்தனார் மேல்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

என் அகத்துக்காரர் சாயங்காலம் ஆபீஸிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். கை கால் அலம்பியதும் நேரே கூடத்துக்குப் போவார். அங்கே சுவரோரமாக ஒரு மேஜை, அதன் மேல் கண்ணாடி மீன் தொட்டி, அதற்கு முன்னால் இரண்டு முக்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் அவருடைய தங்கை ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். நான் காப்பியை வைத்துக்கொண்டு பின்னால் நிற்பேன். இரண்டு முதுகுகள்தான் எனக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு முக்காலி வாங்கிப் போட வேண்டும் என்று அந்த அகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. உத்திர வீதியில் பசு வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள். அகத்துக்குள் மீன் வளர்த்தவர்கள் எனக்குத் தெரிந்து இவர்கள்தான். மெட்ராஸில் யார் வீட்டிலோ தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த என் அகத்துக்காரர், இரும்புச் சட்டம் அடிக்கச் சொல்லி, நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, ஓரமெல்லாம் மக்கு வைத்து அடைத்து, தானே ஒன்று செய்துவிட்டார். முதல் இரண்டு தடவை கூடம் முழுக்கத் தண்ணீர் ஓடியதாம். அந்தக் கதையை அண்ணனும் தங்கையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் வருவதற்கு முன்னால் நடந்த கதை, நான் எங்கே சிரிப்பது?

மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லையாம். பிறகு, பெருமாளே மச்சமாக அவதாரம் பண்ணினவர்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டார். ஆனால் தொட்டித் தண்ணீரில் கை வைத்தவர்கள் கையலம்பாமல் சமையல் நடக்கும் தளிகையுள் பக்கம் வரக்கூடாது. மீனுக்குத் தீனி என்ன போடுகிறோம் என்று அவரிடம் சொல்லவும் கூடாது. தீனி கொசுப்புழு. கிணற்றடிக் கல்தொட்டியில் நெளிகிற புழுவை நாத்தனார் பழைய துணியில் வடிகட்டி எடுத்து வருவாள். மாமியார் அந்த நேரம் பார்த்துத் துளசி மாடத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

தொட்டியில் இருந்தது டைகர் பார்ப் என்கிற மீன். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, ஓரங்களில் சிவப்பு. அகத்தில் அவற்றுக்குப் புலிக்குட்டி என்று பெயர். அவற்றோடு வெள்ளையாக, அகலச் செட்டையோடு, ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி. அவை கோயில் கைங்கரியக்காரர்கள் மாதிரி அவசரமே இல்லாமல் நடமாடும். புலிக்குட்டிகளோ ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும்.

"ஏன் இத்தனை? ரெண்டு போறாதோ?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான்.

"ஐயோ மன்னி, இது கூட்டத்து மீன்!" என்றாள் நாத்தனார். "கும்பலா இருந்தா அதுகளுக்குள்ளேயே சண்டை போட்டுண்டு மத்ததை விட்டுடும். ஒண்ணு ரெண்டா விட்டா, ஒண்ணு பயந்து செத்துப்போகும், இல்லேன்னா வெறி பிடிச்சு ஏஞ்சலோட செட்டையைக் கடிச்சுக் குதறிடும்."

சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். கேட்டதில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு என்ன ஜம்பம்!

அவள் கண்ணாடியில் விரலை வைத்தால் அத்தனை மீனும் அந்த இடத்துக்கு வந்து முட்டும். நான் வைத்தால் சிதறி ஓடும். இதைவிட ஒரு மாட்டுப்பெண்ணுக்கு என்ன அவமானம் வேண்டும்? ராத்திரி சாப்பிடும்போது என்னிடம் இவர் பேசுகிற பேச்சு, "சாத்தமுதுல உப்பு தூக்கல்" என்று ரசத்தைக் குறை சொல்வதோடு முடிந்துவிடும். தொட்டியின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்துதான் அத்தனை வார்த்தை வருமோ.

ஒரு நாள் காப்பியோடு வந்தபோது அவள் சொன்னது காதில் விழுந்தது. "அண்ணா, பாரேன், மன்னி இன்னிக்கும் மூலையிலேதான் நிக்கறா."

தூக்கிவாரிப் போட்டது. நான் மூலையில் நிற்கவில்லை, அவள் பின்னால்தான் நிற்கிறேன். பிறகுதான் புரிந்தது. புலிக்குட்டிகளில் ஒன்று செடிக்குப் பின்னால் ஒதுங்கி, கும்பலில் சேராமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் 'மன்னி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவரும் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்! திரும்பி என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் காப்பியை மேஜை மேல் வைத்தேன். வைத்தேன் என்ன, டபரா டம்ளர் அதிர வைத்தேன்.

மறு வருஷம் தை மாசம் நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு முசிறியில் வேலை. புறப்படும்போது எல்லோரிடமும் அழுதாள், தொட்டியிடமும் அழுதாள். "மன்னி, பார்த்துக்கோங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். ஊரார் எதிரில் அழாமல் முடியுமா? பஸ் கிளம்பியதும் அகத்துக்கு வந்து அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தேன். அப்பாடா என்றிருந்தது.

அதற்குப் பிறகு பாருங்கள் என் ராஜ்யத்தை. கொசுப்புழு என்றால் குமட்டும் எனக்கு. அதை நானே வடிகட்டினேன். கிணற்றுத் தண்ணீரைச் சிமெண்ட் தொட்டியில் ஒரு நாள் ஆற வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் விரலை வைத்தேன். சித்திரை பிறப்பதற்குள் புலிக்குட்டிகள் என் விரலுக்கு வந்து முட்டின. மூலைக்காரி 'மன்னி'கூட வெளியே வந்தாள். வெளியே வந்தவளுக்கு வால் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெயிலில் சில மீன்கள் செத்துப்போய்க் கும்பல் சின்னதானது. மிச்சமிருந்தவை ஏஞ்சல் செட்டையைக் கடிக்க ஆரம்பித்தன. நாத்தனார் சொன்னது சரிதான் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நானாகவே கண்டுபிடித்த மாதிரி இவரிடம், "இன்னும் நாலஞ்சு வாங்கணும், கும்பலா இருந்தாத்தான் அடங்கும்" என்றேன்.

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை போலாமா? நீயும் வரியா?"

கல்யாணமாகி அத்தனை நாளில் நாங்கள் இருவர் மட்டுமாகப் போன முதல் பயணம் அதுதான். காவேரிப் பாலத்தைத் தாண்டி, தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், வீட்டுக் கொல்லையில் மீன் வளர்த்து விற்கும் ஒருவரிடம் போனோம். எந்த மீன் சுறுசுறுப்பு, எது சோணங்கி என்று நான் கை காட்டக் காட்ட இவர் வாங்கினார். திரும்பும்போது பஸ்ஸில் கண்ணாடி ஜாடியை என் மடியில் வைத்துக்கொண்டேன். இவர் ஜாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். பாலத்தில் பேசினார், அம்மா மண்டபத்தில் பேசினார், இறங்கி நடக்கும்போதும் பேசினார். அவர் தங்கையிடம் பேசிய பேச்செல்லாம் இப்போது எனக்கு. நான் சுவர்க்கத்தில் இருந்தேன்.

ஆடி பிறந்தது. புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குப் பிறந்தகத்துக்கு அழைத்து வருவது வழக்கம். இவர் முசிறிக்குப் போய்க் கூட்டி வந்தார். வாசலில் செருப்பை விட்டவள், பெருமாள் உள்ளுக்குப் போய்ச் சேவிக்கக்கூட இல்லை. நேரே தொட்டியிடம் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரலை வைத்தாள்.

ஒரு மீன் வரவில்லை.

"மறந்துடுத்தோ என்னமோ" என்றேன் நான். போய்ப் பக்கத்தில் என் விரலை வைத்தேன். மொத்தக் கும்பலும் என்னிடம் வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவள் கல்யாணம் வரை நான் அந்தக் கூடத்தில் எந்த முகத்தோடு நின்றேனோ, அந்த முகம் அப்போது அவளுக்கு வந்தது. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அந்தச் சமயத்தில் மூலைக்காரி தொட்டியில் இல்லை. புதுசாக வந்தவை அவள் வாலைக் கடித்துவிட்டன. புண் ஆறட்டும் என்று ஊறுகாய் ஜாடியைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, அவளை மட்டும் பின்கட்டு ஜன்னலில் வைத்திருந்தேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு இரண்டு நாள் முன்பே மாமியார் பெரிய தாமிர அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று ஆக்கியிருந்தார். காவேரியில் புதுத் தண்ணீர் செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. ஆள் வைத்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து அண்டாவை நிரப்பி, தண்ணீர் தெளியத் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டார்கள். பெருக்கன்று பார்த்தால் கலங்கல் எல்லாம் அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடியாக நின்றது. பெருமாள் திருமஞ்சனத்துக்கு அதுதான் தீர்த்தம். மிச்சத்தை அகத்து மனுஷாள் குடிக்கலாம்.

அன்று மத்தியானம், கதம்பச் சாதமெல்லாம் சாப்பிட்டு நான் சாப்பிட்ட இடத்தை எச்சில் இட்டு மெழுகிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"கிணத்து ஜலம் உப்பு, மன்னி. பாவம், அதுகளும் ஒரு நாள் காவேரியில நீந்தட்டுமே" என்றாள். அண்டாவிலிருந்து செம்பு செம்பாக மொண்டு தொட்டியில் விட்டாள். முக்கால் தொட்டி மாற்றிவிட்டாள். நல்லெண்ணத்தில் செய்தாளா, என்னிடமிருந்து மீன்களைத் திரும்ப வாங்கச் செய்தாளா என்று கேட்டால் இரண்டும்தான். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன தெரியும்? அந்த அகத்திலேயே உசத்தியான தண்ணீர் அது. மாமியாரே அருகில் நின்று, "பாக்கியம் பண்ணின மீனுகள்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கூடத்தில் நாத்தனார் அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தோம். புலிக்குட்டிகள் அத்தனையும் வயிறு தெரிய மிதந்தன. ஏஞ்சல் ஒன்று அடியில் சாய்ந்து கிடந்தது, இன்னொன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அதுவும் நின்றது.

ஐயோ, என் மீன்கள்! என் விரலுக்கு வந்த மீன்கள்! நான் அழுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"ராத்திரி வரைக்கும் நன்னாத்தானே இருந்தது. யார் கண்ணு பட்டுதோ, யார் கை பட்டுதோ."

"தண்ணி மாத்தினதுனால..." என்றேன்.

"என்ன பேச்சுடி இது? காவேரி தீர்த்தம், பெருமாளுக்கு வெச்சது! நாம எல்லாரும் அதைத்தானே குடிச்சோம்? நமக்கு என்ன ஆச்சு?"

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? தீர்த்தத்தில் குற்றம் இல்லை என்றால் குற்றம் வேறு யாரிடமோ இருக்க வேண்டும். நான் பொறாமைக்காரி என்பது அந்த அகத்தில் அண்டாவுக்குக்கூடத் தெரியும். நான்தான் எதையும் மூடி மறைக்கிறவள் இல்லையே. நாத்தனார் அழுதுகொண்டே என்னைப் பார்த்தாள். அது போகட்டும். இவர் என்ன சொல்லப் போகிறார் என்றுதான் நான் காத்திருந்தேன். மீன் போனது போனதுதான். இவர் என்னை நம்புகிறாரா இல்லையா, எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இவர் நேரே பின்கட்டுக்குப் போனார். ஜன்னலில் இருந்த ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தார். மூலைக்காரி அதற்குள் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணை மட்டும் எப்படி முன்னாடியே எடுத்து வெச்சே?" என்றார்.

 பஸ்ஸில் பாலம் முழுக்கப் பேசிக்கொண்டு வந்த மனுஷன் இவர்தானா?

"வால் புண்ணுன்னு எடுத்து வெச்சேன். உங்ககிட்டே சொன்னேனே!"

"சொன்னே..." என்று இழுத்தார்.

அந்த இழுவைதான் என்னைக் கொன்றது. ஜாடியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நேரே அண்டாவிடம் போனேன். இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. "இதோ, இப்பவே இதை இதுல விடறேன். நாளைக்குக் காலம்பற உசிரோட இருந்தா, நான்தான் கொன்னேன்னு வெச்சுக்கோங்கோ. போறுமா?"

ஜாடியைச் சாய்த்தும் விட்டேன். மூலைக்காரி விளிம்பு வரை வந்தவள், விருட்டென்று அடிக்குப் போய் ஒட்டிக்கொண்டாள். கை வரவில்லை எனக்கு. இவர்களுக்கு நிரூபிக்க இவள் சாக வேண்டுமா? ஜாடியை நிமிர்த்தினேன். "நம்பினா நம்புங்கோ, இல்லேன்னா போங்கோ" என்றேன். புடவை இரண்டைப் பையில் திணித்துக்கொண்டு, ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு உறையூருக்கு, என் பிறந்தகத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. கண்டக்டர் மட்டும், "மீனுக்கும் டிக்கெட் எடுக்கணும்மா" என்று கேலி பண்ணினார். நான் பார்த்த பார்வையில் அடுத்த ஸீட்டுக்குப் போய்விட்டார்.

உறையூரில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆடிக்கு வந்த பெண் மாதிரியே தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். மூலைக்காரிதான் படுத்தினாள். தனியாகப் போனதும் மஞ்சள் வெளுத்தது, பட்டை மங்கியது. புழு போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கும்பலில் இருந்தபோது மூலையில் ஒதுங்கினவள், இப்போது ஒதுங்குவதற்கும் ஆள் இல்லாமல் தரையோடு கிடந்தாள். அம்மாவின் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து ஜாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். தன்னையே இன்னொரு மீன் என்று நினைத்துக்கொண்டு எழும்பி வந்தாள். அப்புறம்தான் இரண்டு புழு தின்றாள். கண்ணாடியை எடுத்தால் மறுபடியும் தரை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இவர் வந்தார். கையில் துணியால் வாய் கட்டிய கண்ணாடி ஜாடி. உள்ளே நாலைந்து புலிக்குட்டிகள். அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ போனப்புறம் புதுசா மீன் வாங்கிண்டு வந்து விட்டோம்" என்றார். "தொட்டியை அலம்பி, மறுபடியும் அண்டாத் தீர்த்தம்தான் விட்டோம். மறுநாளே அதுகளும் போயிடுத்து."

"அப்போ நான் அங்கே இல்லையே. யார் போட்டாளாம் விஷம்?"

தலையைக் குனிந்துகொண்டார். "ஜலம்தான் காரணம். புளி போட்டுத் தேய்ச்ச தாமிர அண்டாவுல ஊறின ஜலம் மீனுக்கு ஆகலை. ஜாடியில இருந்தது கிணத்து ஜலம், அதான் பிழைச்சுதுன்னு..."

"கண்டுபிடிச்சேளாக்கும்."

"நான் இல்லே. அவதான் கண்டுபிடிச்சா. 'மன்னி மேல தப்பே இல்லே அண்ணா, நான்தான் கொன்னேன்'னு அழுதா. அம்மா இன்னும் ஒத்துக்கலை. பெருமாளுக்கு ஆறது மீனுக்கு ஆகலையான்னு கேட்டுண்டிருக்கா."

என் மேல் தப்பில்லை என்று சொன்னதும் அவள்! எனக்காக அழுததும் அவள்! எனக்கு எதிராகப் பேசியிருந்தாலாவது ஆயுசுக்கும் திட்டிக்கொண்டிருக்கலாம். அந்தச் சுகத்தையும் பறித்துவிட்டாளே.

இவர் ஜாடியை நீட்டினார். "மன்னி மீன் தனியா இருக்குமே. கூட்டத்து மீன், தனியா இருந்தா செத்துப்போகும். அதான் துணைக்குக் கொண்டுவந்தேன்."

அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை யோசனை இவருக்கு வந்ததே! வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். நீட்டியவள் எதற்குக் கேட்டேனோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கே தோணித்தா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "அவ சொன்னா" என்றார். "வெறுங்கையோட போகாதே அண்ணா, இதைக் கொண்டு போன்னா."

ஜாடியை வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது, உள்ளே மூலைக்காரி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே. வந்த மீன்கள் அந்தத் தண்ணீருக்குப் பழகட்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டேன். கண்ணாடியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். சற்று நேரத்திலேயே ஒன்று அவளைத் துரத்த, அவள் திரும்பிக் கடிக்க, பட்டையெல்லாம் கறுப்பு ஏறிவிட்டது. இவர் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார் மெதுவாக. "உன்னைச் சந்தேகப்பட்டது தப்புதான்."

இரண்டு வருஷமாக எதற்காகக் காத்திருந்தேனோ அந்தக் குரலில்தான் சொன்னார். தொட்டியின் முன்னால் அவளிடம் பேசுகிற குரல்.  திரும்பிப் பார்த்தேன்.

"இதையும் அவதான் சொல்லச் சொன்னாளா?"

இவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்கால பஸ்ஸில் மீன்களோடு இவர் பின்னால் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் எத்தனையோ தொட்டி மாற்றினோம், மூன்றாவது முக்காலியும் வாங்கினோம். அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் கடைசி வரை பதில் சொல்லவே இல்லை.